பொன்னிற் புகுந்த தெய்வங்கள்

யவனர் பொன் என்றவுடன் தமிழன்பர் நெஞ்சில் முதற்கண் எழுவது முசிறித் துறையே. யவனர் கலங்கள் பொன்னைக் கொணர்ந்து மிளகை ஏற்றிச் சென்ற செய்தியை எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் அகநானூற்றின் 149ஆம் பாட்டில் அமைத்திருப்பதை நம் வட்டத்தில் அறியாதார் இலர். உரோம நாட்டுப் பெரியார் பிளினி, இந்தியப் பண்டங்களுக்காக ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் தம் நாட்டை விட்டுப் போகிறது என்று வருந்தி எழுதியதையும் மேடைதோறும் கேட்டிருக்கிறோம். ஒரு பொற்காசு 100 செஸ்டர்ஸ் பெறும். அக்கணக்கில் அது 5 இலட்சம் பொற்காசு ஆகிறது. பிளினி ஒழுக்கம் பேச வந்தவர். ஆடம்பரத்தைக் கடிய வந்தவர் கையில் தொகை சற்றுப் பெருத்திருக்கக் கூடும். எனினும் 1985இல் வெளியான முசிறிப் பாப்பிரசு ஓலை, ஒரே ஒரு கலத்தின் சரக்கையே ஏறத்தாழ 70 இலட்சம் செஸ்டர்ஸ் என மதிப்பிடுவதை நோக்கின், அவர் கணக்கை முற்றும் தள்ளவும் மனம் வரவில்லை.

இவையெல்லாம் நமக்குப் பெருமை தரும் செய்திகள்தாம். ஆயினும் ஒரு குறை நெடுநாளாக என் உள்ளத்தை உறுத்தி வந்துள்ளது. இக்காசுகளை நாம் எண்ணினோம், எடை போட்டோம், காலக் கணிப்புக்குச் சான்றாக்கினோம். மறுபக்கத்தைத் திருப்பிப் படித்தோமா? முன்பக்கத்தில் இருப்பவன் அகஸ்டஸ் என்றும் நீரோ என்றும் எழுதுகிறோம். பின்பக்கத்தில் இடியேந்தி அமர்ந்திருப்பவன் எவன், கிளையேந்திய பெண் எவள், அவர்கள் அங்கு வந்தமர்ந்த காரணம் யாது என்று கேட்டவர் மிகச் சிலரே. கவிஞர்கள் நிறைந்த அவையில் இதைக் கேளாதிருப்பது தகாது. அப்பின்பக்கங்கள் ஒருவகையில் உரோமானியர் எழுதிய குறுங்கவிதைகள். அவற்றுள் பல பொய்க் கவிதைகள் என்பதும் பின்னே விளங்கும்.

உரோமப் பொற்காசுக்கு ஔரியஸ் என்று பெயர். 'பொன்னாலானது' என்பதே அதன் பொருள். அகஸ்டஸ் காலத்துக் காசு 8 கிராமுக்குச் சற்றே குறைந்த எடையுடையது. நம் வீட்டுப் பெண்கள் 'ஒரு பவுன்' என்று சொல்லும் எடைக்கு அது மிக அருகில் நிற்பது தற்செயலாயினும் சுவையானது. விட்டம் 2 செண்டிமீட்டர் அளவே. அந்தச் சிறு வட்டத்தில், இரும்பு அச்சில் எதிர்மாறாக வெட்டி, சம்மட்டியால் ஓங்கி அடித்து ஒரு தெய்வத்தை எழுப்ப வேண்டும். முகபாவம் காட்ட இடமில்லை. ஆதலால் கையில் உள்ள பொருளே தெய்வத்தின் பெயராயிற்று. இடியெனின் யூபிடர், யாழெனின் அப்போலோ, கதையும் சிங்கத்தோலும் எனின் எர்க்குலிஸ், தராசெனின் மொனேட்டா.

இந்த மொனேட்டாவைப் பற்றி ஒரு சொல். கி.மு. 344இல் கப்பிட்டோல் குன்றின்மேல் யூனோ மொனேட்டா என்னும் தெய்வத்துக்குக் கோயில் எடுத்தனர். அதன் அருகில் உரோமின் அக்கசாலை அமைந்தது. 'எச்சரிப்பவள்' என்று அவள் பெயருக்குச் சிசரோ பொருள் கூறுவார். எச்சரிக்கும் தெய்வத்தின் பெயரே பின்னர்க் காசுக்கு ஆகி, ஆங்கிலத்தில் 'மணி' என்றும், காசு அடிக்கும் இடத்துக்கு 'மிண்ட்' என்றும் திரிந்து, நம் சென்னையில் ஒரு தெருவுக்குப் பெயராகவும் வந்து சேர்ந்தது. தங்கசாலைத் தெரு வழியே நடப்பவர் எவரும் கப்பிட்டோல் குன்றை நினைப்பதில்லை.

குடியரசுக் காலத்து உரோமர் பொன்னை எளிதில் காசாக்கவில்லை. அன்னிபாலுடன் நிகழ்ந்த போரில் வெள்ளியும் செம்பும் போதாத நெருக்கடியிலேதான் முதன்முதல் பொற்காசு வெளிவந்தது. கி.மு. 211ஐ ஒட்டி வந்த காசில் தலைக்கவசம் அணிந்த போர்த்தெய்வம் மார்ஸ் ஒருபுறமும், இடியின்மீது நிற்கும் கழுகு மறுபுறமும் உள்ளன. கழுகு யூபிடரின் பறவை. நாட்டின் உயிர் ஊசலாடும் வேளையில் இவ்விரு தெய்வங்களை அழைத்தது முறையே. அப்போர் முடிந்தபின் நூறாண்டுக்கு மேல் உரோமில் பொற்காசு இல்லை என்றே கூறிவிடலாம்.

மீண்டும் பொன் வந்தபோது அது ஒரு தனி மனிதனின் கையிலிருந்து வந்தது. கி.மு. 84-83 அளவில் சுல்லா என்னும் படைத்தலைவன் அடித்த காசில் வீனஸின் தலை. அவள் எதிரே பனையோலை ஏந்திய குழந்தைக் குப்பிட். இது ஊர்த் தெய்வம் அன்று, சுல்லாவின் தெய்வம். வீனஸின் அருளைப் பெற்றவன் என்று தன்னைக் கிரேக்கமொழியில் அழைத்துக்கொண்டவன் அவன். தெய்வத்துக்கும் ஒரு தலைவனுக்கும் உள்ள தனியுறவு காசில் ஏறியது இங்கேதான். பின் வந்தோர் அனைவரும் சுல்லா போட்ட பாதையிலேதான் நடந்தனர் என்பது என் கருத்து.

அடுத்து வந்த சீசர் வீனஸைக் குலமுதல்வியாகவே கொண்டவன். டிராய் நகரிலிருந்து தப்பிய ஏனியஸ் அவள் மகன். ஏனியஸின் மகன் யூலஸ். அவன் வழிவந்தோர் யூலியர். கி.மு. 46இல் வீனஸுக்குக் கோயில் எடுத்து, நான்கு வெற்றி விழாக்களையும் அதே ஆண்டில் கொண்டாடினான். அவ்வாண்டில் இர்ட்டியஸ் என்னும் அதிகாரியின் பெயரால் மிகப் பெருந்தொகையாகப் பொற்காசு அடிக்கப்பட்டது. முக்காடிட்ட பெண்தலை ஒருபுறம். வேள்விக் கருவிகள் மறுபுறம். அப்பெண் அடுப்புத்தெய்வம் வெஸ்டா என்பர். உள்நாட்டுப் போரில் உடன்பிறந்தாரைக் கொன்ற வாளுக்குக் கூலியாகக் கொடுத்த காசில் வீட்டடுப்பின் தெய்வம்! கி.மு. 44இல் உயிரோடிருக்கும் ஓர் உரோமனின் முகம் முதன்முதலாகக் காசிற் பொறிக்கப்பட்டது. அது சீசரின் முகம். சில வாரங்களில், மார்ச் 15ஆம் நாள், அவன் வீழ்த்தப்பட்டான்.

கொன்றவர்களுள் ஒருவனான புரூட்டஸ் செய்தது வியப்புக்குரியது. முடியாட்சியை எதிர்த்தவன் என்று புகழ்பெற்ற அவனும் தன் காசில் தன் முகத்தையே பொறித்தான். மறுபுறத்தில் தெய்வம் இல்லை. இரண்டு குத்துவாள், நடுவே, விடுதலை பெற்ற அடிமை அணியும் தொப்பி, கீழே கொலை நிகழ்ந்த நாளின் பெயர். பொன்னில் இக்காசு மூன்றே நமக்குத் தெரிய வந்துள்ளன. அவற்றுள் ஒன்று 2020இல் இலண்டன் ஏலத்தில் 27 இலட்சம் பவுண்டுக்குப் போயிற்று; அதன் வரலாறு பொய்யாகப் புனையப்பட்டது என்று தெரிந்து 2023இல் கிரேக்க நாட்டுக்குத் திருப்பித் தரப்பட்டது.

அகஸ்டஸின் திறம் வேறு. அவன் தெய்வங்களைப் பரபரப்பின்றிப் பணிக்கு அமர்த்தினான். கால் நாட்டு லியோன் நகரில் கி.மு. 15 முதல் வந்த காசுகளில் யாழேந்திய அப்போலோ, காலடியில் 'ஆக்ட்' என்னும் எழுத்துகள். வில்லேந்திய டயானா, காலடியில் 'சிசில்'. முன்னது ஆக்டியம் கடற்போர். பின்னது சிசிலிக் கடற்போர். ஆக்டியத்தில் தோற்ற ஆண்டனி தன்னைப் புதிய டயோனிசஸ் என்று சொல்லிக்கொண்டவன். சிசிலியில் தோற்ற செக்ஸ்டஸ் பாம்பே தன்னை நெப்டியூனின் மகன் என்று சொல்லிக்கொண்டவன். ஆகவே உள்நாட்டுப் போரின் குருதி மறைந்து, கள்வெறித் தெய்வத்தை யாழிசைத் தெய்வம் வென்ற கதையாகவும், கடலைக் காடு வென்ற கதையாகவும் காசிற் படிந்துவிட்டது. தோற்றவன் பெயர் எங்கும் இல்லை.

அவனுக்குப் பின் வந்த திபேரியஸ் (கி.பி. 14-37) பேச்சிற் சிக்கனமானவன், காசிலும் அவ்வாறே. ஆட்சிக்காலம் முழுதும் பொன்னிலும் வெள்ளியிலும் பெரும்பகுதி ஒரே பின்பக்கம்தான்: நாற்காலியில் அமர்ந்த பெண், ஒரு கையில் செங்கோல், மறு கையில் கிளை. சுற்றிலும் 'தலைமைக் குரு' என்னும் அரசனின் பட்டமே உண்டு. அவள் பெயர் இல்லை. அமைதித் தெய்வம் பாக்ஸ் என்பர் சிலர்; அரசனின் தாய் லிவியா என்பர் சிலர்; தாயே அமைதியின் வடிவில் அமர்ந்தாள் என்று இரண்டையும் கூட்டுவாரும் உளர். வரி கொடுக்கலாமா என்று இயேசுவிடம் கேட்டபோது காட்டப்பட்ட வெள்ளித் தெனாரியஸ் இவ்வகைதான் என்று மரபாகச் சொல்லப்படுகிறது. தென்னிந்தியப் புதையல்களில் மிகுதியாகக் கிடைக்கும் முகங்களுள் இவளுடையது ஒன்று. கொங்கு நாட்டுக் கைகளில் அதிகம் புழங்கிய உரோமப் பெண் பெயரில்லாதவள் என்பது எனக்குச் சுவையாகவே படுகிறது.

நீரோவின் காசுகளிலே சற்றுத் தங்கிச் செல்வோம். அங்கே காசும் வரலாறும் ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்க்கின்றன. கி.பி. 64 சூலைத் திங்களில் உரோம் எரிந்தது. வெஸ்டாவின் கோயிலும் வெந்தது. அவ்வாண்டிலேயே பொற்காசின் எடை குறைந்தது; ஓர் உரோம இராத்தல் பொன்னுக்கு 45 காசு, அதாவது காசுக்கு ஏறத்தாழ 7.3 கிராம் என்றாயிற்று. வெள்ளியில் கலப்பும் ஏறியது. நம் நாட்டு வணிகர் அதை உடனே கண்டுகொண்டனர் போலும். இங்குள்ள உரோம வெள்ளிப் புதையல்கள் பெரும்பாலும் 64க்கு முற்பட்ட காசுகளாலானவை. எடை குறைந்த அந்தப் பொன்னிலே ஆறு தூண் தெரியும் வட்டக் கோயில் ஒன்று, உள்ளே அமர்ந்த வெஸ்டாவுடன் எழுந்தது. எரிந்த கோயில் கல்லில் எழுந்ததோ இல்லையோ, பொன்னில் எழுந்துவிட்டது.

மறு ஆண்டு, 65இல், பிசோ என்பானைத் தலைவனாகக் கொண்டு நீரோவைக் கொல்லச் சதி உருவாயிற்று. சதிகாரருள் ஒருவனான சிவைனஸ், நலத்தெய்வமாகிய சாலஸின் கோயிலிலிருந்தே ஒரு குத்துவாளை எடுத்து வந்து தீட்டச் சொன்னான் என்று டாசிட்டஸ் எழுதுகிறார். தீட்டச் சொன்னதே அவனைக் காட்டிக் கொடுத்தது. சதி உடைந்தது, பலர் மாண்டனர், செனக்கா என்னும் அறிஞரும் லூக்கன் என்னும் இளங்கவிஞரும் தம் நரம்பைத் தாமே அறுத்து உயிர்விட நேர்ந்தது. இதன்பின் வந்த நீரோ காசுகளில் இரண்டு வகை ஓங்கி நிற்கின்றன. ஒன்றில் அரியணையில் அமர்ந்த யூபிடர். 'காவலன் யூபிடர்' என்பது எழுத்து. மற்றொன்றில் கையில் வேள்விக் கிண்ணத்துடன் அமர்ந்த சாலஸ். கொல்ல வந்த வாள் எவள் கோயிலிலிருந்து எடுக்கப்பட்டதோ அவளே காத்தவளாகக் காசில் அமர்ந்தாள். வாளையோ நீரோ கப்பிட்டோலில் 'பழிவாங்கும் யூபிடர்' என்று பொறித்துக் காணிக்கையாக வைத்தான். பழிவாங்குவோன் என்பதற்கு இலத்தீனில் விண்டெக்ஸ். மூன்றாண்டு கழித்து, 68இல், நீரோவுக்கு எதிராகக் கால் நாட்டில் முதற்கொடி தூக்கிய ஆளுநனின் பெயர் யூலியஸ் விண்டெக்ஸ். அப்போது அந்தக் காணிக்கையின் எழுத்து வரப்போகும் பழிவாங்கலுக்கு முன்னறிகுறியாகக் கொள்ளப்பட்டது என்று டாசிட்டஸ் எழுதுகிறார். ஒரு சொல்லின் இருபொருள் அரசனைத் தேடி வந்த கதை இது. சிலேடை வல்ல நம் புலவர் எவரும் இதனினும் கூரிய ஒன்றைப் புனைந்திருக்க இயலாது.

நீரோ வீழ்ந்த அந்த 68-69ஆம் ஆண்டுகளில் இன்னொரு புதுமை நிகழ்ந்தது. எவன் அரசன் என்று தெரியாத திங்கள்களில், அரசன் தலையே இல்லாத காசுகள் வந்தன. முன்பக்கத்தில் அரசன் இருந்த இடத்தில் மார்ஸ், உரோம மக்களின் காவல் தெய்வம், விடுதலை என்று தெய்வங்களே தலைகாட்டின. ஒரு காசில், புரூட்டஸின் இரண்டு வாளும் நடுவே தொப்பியும் நூறாண்டுக்கு மேல் கடந்தபின் மீண்டும் தோன்றின. பழைய காசைப் பத்திரமாக நினைவில் வைத்திருந்தவர் எவரோ இருந்திருக்கின்றனர்.

விடுதலை என்றேன். உரோமர் விடுதலையையும் அமைதியையும் நலத்தையும் தெய்வமென்றே வழிபட்டனர். இங்குக் கவிஞர்தம் கவனத்தை வேண்டுகிறேன். வாக்குறுதி காக்கும் நம்பிக்கைக்கு ஃபிடெஸ் என்ற பெயரில் கப்பிட்டோலில் கோயில். ஒற்றுமைக்குக் கொன்கோர்டியா என்ற பெயரில் மன்றத்தில் கோயில். எதிர்கால நம்பிக்கைக்கு ஸ்பெஸ் என்ற பெயரில் காய்கறிச் சந்தையருகே கோயில். காசிலே ஸ்பெஸ் ஒரு கையில் மொட்டவிழாத பூவும், மறு கையில் சற்றே தூக்கிய ஆடை நுனியுமாக நடந்து வருகிறாள். நடப்பவளாக, இன்னும் வந்து சேராதவளாக அவளைக் காட்டிய கம்மியன் யாரோ, அவன் கவிஞன். ஏட்டர்னிட்டாஸ் என்னும் நிலைபேறு, ஒரு கையில் ஞாயிற்றின் தலையும் மறு கையில் திங்களின் தலையும் ஏந்தி நிற்கிறாள்.

இவர்களுட் பெரும்பாலோர் பெண்கள். காரணம் பக்தியன்று, இலக்கணம். இலத்தீனில் பண்புப் பெயர்கள் பல பெண்பாற் சொற்கள். ஆதலால் அவை உருவெடுக்கும்போது பெண்ணாகவே எடுத்தன. ஆண்மை, வீரம் என்று பொருள்படும் விர்ட்டுஸ், 'விர்' என்னும் ஆண்மகனைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது; இலக்கணத்தில் பெண்பால். ஆகவே ஆண்மை, கவசமணிந்து வேலேந்திய பெண்ணாகக் காசில் நிற்கிறது! ஹொனோஸ் என்னும் பெருமை ஆண்பாற்சொல். அது ஆணாக நிற்கிறது. தமிழிலோ பண்புப் பெயரெல்லாம் அஃறிணை. நம் மொழியில் பால் என்பது பொருளைப் பற்றியது. சொல்லின் ஈற்றைப் பற்றியதன்று. அதனால் அமைதியைப் பெண்ணென்று பாடும் தமிழ்க் கவிஞன் தன் விருப்பத்தாலே அதைச் செய்கிறான். இலத்தீன் கவிஞனுக்கோ மொழியே முன்கூட்டி முடிவு செய்து தந்துவிட்டது. எவன் கை கட்டப்பட்டது, எவன் கை விடப்பட்டது என்பதை நம் வட்டத்தின் திங்கள் கூட்டமொன்றில் பேசலாம்.

ஆனால் காசில் ஏறிய பண்பு எப்போதும் நாட்டில் இருந்த பண்பு அன்று. இல்லாததையே உரக்கச் சொல்வது காசின் இயல்பு. கி.பி. 202இல் இளவரசன் கராகல்லாவுக்கும் பிளாவுட்டில்லாவுக்கும் மணம் நிகழ்ந்தது. இருவரும் கைகோத்து நிற்கும் காசுகள் வந்தன, எழுத்து 'ஒற்றுமை'. அவன் அவளோடு உண்ணவும் உறங்கவும் மறுத்தான் என்று ஹெரோடியன் எழுதுகிறார். மூன்றே ஆண்டில் அவள் நாடு கடத்தப்பட்டாள், பின்னர்க் கொல்லப்பட்டாள். அதே கராகல்லா தன் தம்பி கெட்டாவுடன் கூட்டாக ஆண்டபோதும் காசுகள் உடன்பிறந்தார் ஒற்றுமையையே பேசின. 211இல் தம்பி தாயின் மடியிலேயே வெட்டுண்டான். வரலாற்று மாணவன் 'ஒற்றுமை' என்ற எழுத்தைக் காசிற் கண்டால் முதலில் சண்டையைத் தேட வேண்டும் என்பது நான் கொண்ட விதி. அது பெரும்பாலும் பொய்த்ததில்லை.

மாகாணங்களிலிருந்து வந்த அரசர்கள் தத்தம் ஊர்த் தெய்வங்களையும் பொன்னில் ஏற்றினர். ஸ்பெயினில் வேர்கொண்ட குடும்பத்தானாகிய ஹேட்ரியனின் தாய் காடிஸ் துறைமுகத்தவள். அவன் காசில் 'காடிஸ் எர்க்குலிஸ்' கதையுடன் நிற்க, அருகே கடல்தெய்வம் சாய்ந்து கிடக்கிறது. வட ஆப்பிரிக்க லெப்டிஸ் நகரினனான செவெரஸ், அந்நகரின் காவல் தெய்வங்கள் இருவரைச் சேர்த்தே பொறித்தான். இவையெல்லாம் மகிழத்தக்கவை. கொம்மோடஸ் செய்ததோ வேறு. 192இல் வெளிவந்த அவன் காசுகளில் எர்க்குலிஸின் சிங்கத்தோல் எர்க்குலிஸ் மேல் இல்லை. அரசன் தலைமேல் இருக்கிறது. பின்பக்கத்துத் தெய்வம் வட்டத்தைச் சுற்றி முன்பக்கத்துக்கு வந்து அரசனுக்குள் புகுந்துகொண்டது. அவ்வாண்டு திசம்பர் 31ஆம் நாள் ஒரு மற்போர் வீரன் அந்த எர்க்குலிஸைக் கழுத்தை நெரித்துக் கொன்றான்.

பொற்காசுத் தெய்வங்களுள் என்னை மிகவும் ஈர்ப்பது ஒரு கல். 218இல் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் அரசனானான். சிரியாவின் எமெசா நகரில் எலகபால் என்னும் ஞாயிற்றுத் தெய்வத்தின் பூசகன் அவன். தெய்வத்தின் பெயரே அவனுக்கு வரலாற்றில் பெயராயிற்று. அத்தெய்வத்துக்கு மனித உருவம் இல்லை. கூம்பிய கருங்கல் ஒன்றே அதன் திருமேனி. அரசன் அக்கல்லை உரோமுக்குக் கொணர்ந்தான். அவன் பொற்காசில் நான்கு குதிரை பூட்டிய தேர், தேரில் அந்தக் கல், கல்லில் கழுகு, சுற்றிலும் நான்கு குடைகள். தேரோட்டி எவரும் இல்லை. தெய்வத்துக்கு முன்னால் அரசன் கடிவாளத்தைப் பற்றிக்கொண்டு, தெய்வத்துக்குப் புறங்காட்டலாகாது என்று பின்னோக்கியே ஓடினான் என்று ஹெரோடியன் எழுதுகிறார். உரோமப் பெருமக்கள் இதைக் கண்டு முகம் சுளித்தனர். குடையும் தேரும் உருவமற்ற கல்லும் அவர்களுக்கு அருவருப்பு. தமிழ்நாட்டுத் தேர்த்திருவிழாவில் வடம் பிடித்த ஒருவனுக்கு அக்காசில் அயன்மை தோன்றாது. 222இல் சிறுவன் கொல்லப்பட்டான். கல் எமெசாவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. கல்லை உடைக்காமல் திருப்பி அனுப்பினார்களே என்பதில் எனக்கு ஓர் ஆறுதல்.

ஞாயிறு மட்டும் உரோமை விட்டுப் போகவில்லை. 274இல் ஔரிலியன் 'வெல்லப்படாத ஞாயிறு' என்னும் பெயரில், இம்முறை இளைஞன் உருவில், அதற்குக் கோயில் எடுத்தான். கான்ஸ்டன்டைன் கிறித்தவத்துக்கு ஆதரவளித்த 313இலேயே இத்தாலியின் டிசினத்தில் அடிக்கப்பட்ட பெரும் பொற்பதக்கம் ஒன்று பாரிசில் உள்ளது. அதில் அரசனும் ஞாயிறும் தோளோடு தோள் ஒட்டி ஒரே திசை நோக்குகின்றனர். மூக்கும் மோவாயும் இரட்டைப் பிறவியர் போல் ஒத்துள்ளன. 325 அளவில் ஞாயிறு பொன்னிலிருந்து மறைந்தது.

தப்பிப் பிழைத்தவள் விக்டோரியா ஒருத்தியே. சிறகும் மாலையும் உடைய இவ்வெற்றித்தெய்வத்தின் பலிபீடத்தைச் செனட் மன்றிலிருந்து 382இல் கிரேஷியன் அகற்றினான். 384இல் சிம்மாக்கஸ் அதை மீட்டுத் தர வேண்டி எழுதிய விண்ணப்பமும், மிலான் ஆயர் அம்புரோசின் மறுப்பும் புகழ்பெற்றவை. மன்றிலிருந்து துரத்தப்பட்டவள் காசிலோ தொடர்ந்து நின்றாள். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நெடிய சிலுவையைக் கையிற் பிடித்தாள். பின்னர் ஆடையும் சற்று மாறி, தேவதூதர் என்று அழைக்கப்படலானாள். சிறகு அதே சிறகு. 692ஐ ஒட்டி இரண்டாம் யுஸ்டினியன், கிறித்துவின் முகத்தை முன்பக்கத்தில் வைத்துத் தன்னைப் பின்பக்கத்துக்கு ஒதுக்கிக்கொண்டான். சுல்லாவுக்குப் பின் ஏறத்தாழ எண்ணூறாண்டாகத் தெய்வங்கள் நின்ற இடத்துக்கு அரசன் போய்ச் சேர்ந்தான். அதற்கு ஐந்தாண்டுக்குள் திமிஷ்கில் கலீபா அப்துல் மாலிக், அரசனும் இல்லாது தெய்வவுருவும் இல்லாது, எழுத்து மட்டுமே உடைய தீனார் அடித்தார். தெனாரியஸ் என்னும் உரோமச் சொல்லே தீனார் ஆனது.

நம் நாட்டிலும் இச்சொல் 'தீனாரம்' என வந்ததை அறிவோம். குசானர் பொற்காசு உரோமப் பொன்னின் எடையை ஒட்டியே அமைந்தது. கனிஷ்கன் காசில் புத்தரும், ஹுவிஷ்கன் காசில் எர்க்குலிஸும் எகிப்திய செராபிஸும் நிற்பர். சலாலாபாத் அருகே அகின்போஷ் தூபியில் 1879இல் தோண்டியெடுத்த பொற்காசுகளுள் குசானர் காசுகளோடு டொமிஷியன், டிராஜன், சபினா ஆகியோரின் காசுகளும் இருந்தன. புத்த தூபிக்குள் காணிக்கையாக அவர்கள் சென்று சேர்ந்திருந்தனர்.

தெற்கே நம்மவர் இக்காசுகளை எவ்வாறு கண்டனர்? 1847இல் கண்ணூரை அடுத்த கோட்டயத்தில் கிடைத்த பொற்காசு ஐந்து ஆள் சுமை இருந்ததாம். மிகப் பெரும்பகுதி உருக்குமுகத்துக்கே போயிற்று. துளையிட்டு அணிகலனாக்கிய காசுகள் சில உண்டு. அவற்றுட் பலவற்றில் அரசன் தலைக்கு மேலே இரட்டைத் துளை. மார்பில் தொங்கும்போது முகம் நிமிர்ந்து நிற்கும்படி அமைத்தது. இவற்றையெல்லாம் விட எண்ணத் தூண்டுவது 1898இல் புதுக்கோட்டை, ஆலங்குடியை அடுத்த கருக்காக்குறிச்சியிற் கிடைத்த புதையல். 501 பொற்காசு, அகஸ்டஸ் தொடங்கி வெஸ்பேசியன் முடிய. திபேரியஸ், கிளாடியஸ், நீரோ மூவர் காசே மிகுதி. பத்தில் ஒன்பது பங்குக்கு மேற்பட்ட காசுகளில் உளியால் ஒரு வெட்டு. அரசன் தலையின் குறுக்கே.

தேய்ந்த காசைப் புழக்கத்திலிருந்து விலக்க இட்ட குறி என்பர் ஒரு சாரார். உள்ளும் பொன்தானா என்று பார்த்த சோதனை என்பர் ஒரு சாரார். அயலரசனின் ஆணை இங்குச் செல்லாது என்று காட்டியது என்பாரும் உளர். சோதனைக்கு விளிம்பில் ஒரு கீறல் போதுமே என்பது என் ஐயம். தலைதான் காசில் மேடான பகுதி, உளி அங்கே பாய்வது இயல்பு என்னும் எதிர்வாதத்தையும் அறிவேன். ஆயினும் இத்தனை காசையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பட்டறைக் கல்லில் வைத்தபோது அவன் ஒவ்வொரு முறையும் முகப்பையே மேலாக வைத்தான். வெட்டுண்ட நீரோவின் காசொன்றைத் திருப்பினால், இடியைக் கையிற் பற்றி யூபிடர் காயமின்றி அமர்ந்திருக்கிறான்.